தேருக்கு முன்னால் ஆடியவர்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பஸ்ஸில், என் முன் சீட்டிலிருந்த இளம்பெண் பக்கத்திலிருந்த பெரியவளிடம் சொன்னாள்: "எங்கூட்டுக்காரரைப் புலியாத்தானுங்க பொதைச்சோம்."

"என்ன கண்ணு சொல்றே?"

"மாரியம்மன் நோம்பி ஊர்வலத்துல புலி வேஷம் கட்டினாருங்க. உடம்பு பூரா பெயிண்டு. நொம்ப நேரம் வெயில்ல ஆடிட்டு, தேருக்கு முன்னால பொத்துனு உழுந்துட்டாரு. பொதைக்கறதுக்கு முந்தி மண்ணெண்ணெய் போட்டுத் தொடைச்சுப் பாத்தோம். வரி போகலைங்க."

"உழுந்ததும் ஆரும் தூக்கலையா?"

"அதுவும் ஆட்டம்னு நெனைச்சுட்டாங்க. மேளம் நிக்கவே இல்லை. சனமெல்லாம் கை தட்டுச்சுங்க."

கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பியது. கம்பியைப் பிடித்தபடி அந்தப் பெண் மறுபடி சொன்னாள்.

"நானும்தானுங்க தட்டினேன்."