கடிகாரத்தைப் போடச் சொன்ன சுஸுனோ

வெளியே வீதி உறைந்தாலும் உள்ளே புன்னகை உறையாத எங்கள் ஊர்த் தலைவர் கிசனுகி அவர்களே! பால் பண்ணைகளைப் பல்லாண்டு காத்துவரும் பெரியோர்களே! விடியலில் மாடு கறந்து, வாசல் பனியை வாரித் தள்ளிவிட்டு, முன்வரிசையில் முழங்கால் மடித்து வீற்றிருக்கும் தாய்மார்களே! தொகாச்சிச் சமவெளியின் தங்கங்களே! பனித்தடத்தில் ஒலிபெருக்கி பிடித்தே தொண்டை தேய்ந்துபோன ஒரித்தோவின் வணக்கம்!

என்ன அங்கே, சுருக்கமாகவா? ஹிகாஷினோ, உன் கல்யாணத்திலும் இதையேதான் சொன்னாய். நான் கேட்டேனா?

நம் தொமொயே அம்மாளின் மகள் சுஸுனோ பள்ளியில் சேர்ந்த புதிது. ஆசிரியர் அம்மாளை அழைத்தார். "பொண்ணுக்கு அறிவு வளர்ச்சி கம்மிம்மா. எல்லாமே மெதுவாத்தான் வரும்" என்றார். அம்மாள் அழுதாரா? அயர்ந்தாரா? "அறிவு மெதுவா வரட்டும் சார். அதுக்காகக் கால் காத்துக்கிட்டு நிக்கணுமா?" என்று கேட்டார். அன்று மாலையே மகளின் காலில் சறுக்குக் காலணியை மாட்டிவிட்டார்.

மாட்டியதுதான் தாமதம், மண்ணில் தடுமாறிய பிள்ளை பனியில் பறந்தாள்! ஒரே ஒரு சிக்கல். சுற்று எண்ண வராது. முதல் போட்டியில் எல்லைக்கோட்டைத் தாண்டினாள், தாண்டியும் நிற்கவில்லை. பரிசு கொடுத்து முடித்தாயிற்று, அவள் சுற்றிக்கொண்டே இருக்கிறாள். பிடிக்கப் போன பெரிய மனிதர்கள் விழுந்து புரண்டதுதான் மிச்சம். கடைசியில் அம்மாள் கத்தினார்: "அடியே, சோறு ஆறுதுடீ!"

நின்றாள்! சிரியுங்கள் தாய்மார்களே, நன்றாகச் சிரியுங்கள். அன்றுமுதல் வீட்டில் ஒரே பாடம்: "மணி அடிச்சா இன்னும் ஒரு சுத்து. கோட்டைத் தாண்டினா சோறு."

அந்தப் பாடம் போதுமானதாக இருந்தது. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான போட்டிகளில் மாவட்டம் வென்றாள், மாகாணம் வென்றாள், கடல் கடந்தும் பதக்கம் கொணர்ந்தாள். பத்திரிகைக்காரர் வந்தார். பக்கம் நிறையப் படம் போட்டு, "பனியில் புன்னகைக்கும் தேவதை" என்று எழுதினார். சுஸுனோ என்னிடம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். முகம் சிவந்தது. "மைக் அண்ணே, என் டைமிங் எங்க? தேவதை கிடக்கட்டும், நான் எவ்வளவு வேகமா ஓடினேன்னு ஏன் எழுதல?"



அந்தக் குளிர்காலம் நம் ஊர்ப் பெண்கள் போட்டி. எல்லாரோடும் ஓட அவளையும் அழைத்தார்கள். அன்போடுதான் அழைத்தார்கள். துவக்கக் கோட்டில் ஆறு பேர். அப்போது நேரம் குறிக்கும் அதிகாரி கனிவாகச் சொன்னார்: "உனக்குக் கடிகாரம் வேண்டாம்மா. நீ சந்தோஷமா சுத்திட்டு வா, எல்லாரும் கை தட்டுவாங்க."

சுஸுனோ என்ன செய்தாள்? உட்கார்ந்துவிட்டாள்! கோட்டின்மேல், கொட்டும் பனியில், கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

"எழுந்திரு கண்ணு, குளிரும்."

"கடிகாரத்தைப் போடுங்க."

"போட்டி நேரமாகுதும்மா!"

"அதைத்தான் சொல்றேன். நேரத்தைப் போடுங்க!"

போட்டி நின்றுபோகும் நிலை. இனி இவளை எந்தப் போட்டிக்கும் அழைக்க மாட்டார்களோ என்று தொமொயே அம்மாள் அஞ்சினார். அப்போது பக்கத்துத் தடத்தில் நின்ற ருரிகோ, வங்கியில் வேலை பார்ப்பவர், சொன்னார்: "அவளுக்குக் கடிகாரம் இல்லன்னா எனக்கும் வேண்டாம்." மற்றவர்களும் தலையசைத்தார்கள். கடிகாரம் வந்தது!

துப்பாக்கி வெடித்தது! குனிந்தாள், குதித்தாள், வளைவில் காற்றைக் கிழித்தாள்! என் தொண்டை கிழிந்தது! முதலாவதாக வந்தாளா? இல்லை. நான்காவது! அவளுக்குப் பின்னால் இருவர். அதில் ஒருவர் ருரிகோ. பாவம், கண் கலங்கி நின்றார். சுஸுனோ தோளைத் தட்டினாள்: "அழாதீங்க அக்கா. அடுத்த வருஷமும் வாங்க. மறுபடியும் தோக்கடிக்கிறேன்!"

அதோ, ருரிகோ சிரிக்கிறார். சொன்னபடியே தோற்கடித்தாளா அம்மா? மூன்று முறையா! நன்று, நன்று!

இரக்கமா கேட்டாள்? இல்லை. இனிப்பா கேட்டாள்? இல்லை. உங்களை அளக்கும் அதே கடிகாரத்தால் என்னையும் அளந்து பாருங்கள் என்றாள்! தோற்றால் தோற்றதாகச் சொல்லுங்கள், வென்றால் வென்றதாகச் சொல்லுங்கள் என்றாள்! மனிதருக்கு மனிதர் தரும் மரியாதை இதைவிட வேறென்ன?

போன மாதம் ஒரு புதுப் பெண், கொஹாக்கு, நம் சுஸுனோவைத் தோற்கடித்தாள். வயதாகிவிட்டது, ஓய்வு பெறட்டும் என்று நாங்களே முடிவு செய்து, இந்த மண்டபத்தில் "விடைகொடுப்பு விழா" என்று துணி கட்டினோம். இன்று காலை அவள் வந்து பார்த்தாள். "யாரு போறாங்க?" என்றாள். நான் துணியைக் காட்டினேன். "கொஹாக்கு கூட எனக்குக் கணக்கு பாக்கி இருக்கு, அண்ணே. அந்தத் துணியக் கழட்டுங்க!"

கழற்றிவிட்டோம். ஆகவே அன்பர்களே, விடை பெறுவது நான் ஒருவன்தான். பொறுமையோடு கேட்டீர்கள், பூரிப்போடு சிரித்தீர்கள்; உங்கள் அனைவருக்கும் நன்றி. சமையற்கட்டில் பன்றிக்கறிச் சோறு தயார். சுஸுனோ மட்டும் அளவாகத்தான் சாப்பிடுவாளாம், நாளைக்குப் பயிற்சி. வணக்கம்!