யுவராணி சிரித்த இடம்

உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாகவே இருக்கிறது சார், இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள். நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஜஸ்டின். அம்பத்தூரில் கல்யாண வீடியோ எடுத்து, எடிட் செய்து கொடுக்கிறேன். காதல் காமெடிப் படம் என்றாலே எனக்கு எரிச்சல். ஒருத்தி ரயிலிலிருந்து இறங்குவாள். உடனே எங்கிருந்தோ காற்றடிக்கும், அவள் தலைமுடிக்கு மட்டும். பக்கத்தில் நிற்பவரின் வேட்டி நுனிகூட ஆடாது. அவள் முறைத்தால் கிடார், திட்டினால் புல்லாங்குழல், கூட வந்த நண்பன் அறை வாங்கினால் ஒரு ‘டொய்ங்’. இந்தக் கண்றாவிக்குக் கண்கலங்குகிற ஜனங்களுக்காக நானும் அதையே செய்து பிழைக்கிறேன். எங்கள் தொழிலில் முதல் வேலையே கேமராவில் பதிந்த சத்தத்தைத் தூக்கி எறிவதுதான். பந்தியில் சாம்பார் கேட்கிற குரல் யாருக்கு வேண்டும்?

ஒருநாள் அரவிந்தன் வந்தான். பாரிவாக்கத்தில் ஃபிளாட் வாங்கிக் குடியிருக்கிற ஐடிக்காரன். கொரட்டூர் ரயில்வே ஸ்டேஷனில் தினமும் ஒரு பெண்ணின் பின்னால் நடந்து, செல்போனில் எடுத்த வீடியோ துண்டுகளைக் கொடுத்தான். “லவ் ஸ்டோரி மாதிரி பண்ணிக் குடுங்க ப்ரோ” என்றான். ஹெட்போனை மாட்டிக் கேட்டேன்.

“தெனம் இன்னாத்துக்கு என் பின்னால வந்துகினு கீற? எனக்குப் புடிக்கல. இன்னொரு தபா வந்தா போலீசாண்ட போவேன்.”

தெளிவாகத்தான் இருந்தது. தெரிந்த முகமும்கூட. அண்ணனூர் துலுக்கானத்தின் மகள் யுவராணி. அவள் அக்கா கல்யாணத்தை நான்தான் எடுத்தேன். மேடையில் மாமன் வேட்டி நழுவியபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தது என்னிடம் பத்திரமாக இருந்தது.

அந்தச் சிரிப்பைச் சேர்க்கச் சொல்லி அரவிந்தன் கேட்கவில்லை. அது என் யோசனை. அவள் குரலை எடுத்தேன், வேகத்தைக் குறைத்தேன், வானத்தை ஆரஞ்சாக்கினேன். கோபமாகத் திரும்புகிறாள், வயலின் ஏறுகிறது. அங்கே அந்தச் சிரிப்பை, முகம் மட்டும் தெரியும்படி நெருக்கி ஒட்டினேன். இந்த முட்டாள் ஜனம் எதுவரை நம்பும் என்று பார்க்க எனக்கு ஆசை.

எல்லாவற்றையும் நம்பினார்கள். அரவிந்தன் வீட்டார் அந்த வீடியோவோடு பெண் கேட்டுப் போனார்கள். சொந்தக்காரர்கள் போனெல்லாம் அது சுற்றியது. துலுக்கானம் மகளைக் கேட்டாராம், “சிரிச்சிகினு தானே கீற, அப்பால இன்னா புடிக்கல?”

யுவராணி என் கடைக்கு வந்தாள். அழவில்லை.

“அண்ணா, நான் அவன இன்னா சொன்னேன்னு உனுக்குத் தெரியும். அந்தச் சத்தத்த எங்க நைனாவுக்கு ஒரு தபா போட்டுக் காட்டு. வேற ஒண்ணும் வேணாம்.”

“அழிஞ்சிபோச்சும்மா” என்றேன்.

அப்போது அது அழியவில்லை. அவள் படியிறங்கிய பிறகுதான் அழித்தேன். அரவிந்தனிடம் இருந்ததையும் அழிக்கச் சொன்னேன். நான் செய்ததிலேயே அழகான வேலை அது. அதன் பக்கத்தில் அந்தக் கத்தல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

துலுக்கானம் அரவிந்தனுக்கே அவளை முடித்துவைத்தார். அந்தக் கல்யாணத்தையும் நானே எடுத்தேன். தாலி ஏறும்போது அவள் தேம்பித் தேம்பி அழுதாள். அதற்கும் வயலின்தான். ஆனந்தக் கண்ணீர் என்று அத்தைமார் மூக்கைச் சிந்தினார்கள்.

இப்போது தாடை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், வாய் திறந்து பேச முடியவில்லை என்கிறீர்கள். அடித்தது அரவிந்தன். அதை அவனிடம் கேளுங்கள். அவள் குரலை எடுத்ததும், சிரிப்பை ஒட்டியதும், அவளிடம் பொய் சொல்லிவிட்டு அழித்ததும் நான்தான். தெரிந்தேதான் செய்தேன். கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இதென்ன, ‘போலிச் சிரிப்பு’ என்று எழுதியிருக்கிறீர்கள்? அதை மட்டும் அடித்துவிடுங்கள் சார். அது அவளுடைய சொந்தச் சிரிப்பு.