மூன்றாவது படியின் பலகை

வெளிப்புற மரவேலையை மழைக்காலம் ஓய்ந்த பிறகுதான் தொடங்க வேண்டும். ஈர மரத்தில் திருகாணி போட்டால் காய்ந்ததும் இளகிவிடும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் அறிக்கையைப் படிப்பவர்கள் என்னை ஏனோதானோவென்று வேலை செய்கிறவன் என்று நினைத்துவிடக் கூடாது, ஐயா.

எங்கள் வீட்டின் பின்புறம் ஒரு மரத்தளம் உண்டு. அதிலிருந்து தோட்டத்துக்கு இறங்க ஏழு படிகள். ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் செலவழித்து நானே செய்தேன். மரம் மண்ணைத் தொட்டால் உளுத்துவிடும் என்று அடியில் கான்கிரீட் போட்டேன். பலகைகளில் வழுக்காத பட்டை ஒட்டினேன். இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தேன். எல்லாவற்றையும்விட முக்கியம், ஏழு படிகளுக்கும் ஒரே உயரம் இருக்க வேண்டும். இறங்குகிறவரின் கால் முதல் இரண்டு படியிலேயே உயரத்தை மனப்பாடம் செய்துகொள்ளும். அதன் பிறகு அது கண்ணைக் கேட்பதில்லை.

மாமனார் எங்களோடுதான் இருந்தார். கட்டடங்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் இருந்த டேப் மட்டும் ஓய்வு பெறவில்லை. பன்னிரண்டு வருடங்களாக நான் மாட்டிய அலமாரி, கதவு, துணிக்கொடி வரை அளந்துபார்த்து, விருந்தாளிகள் முன்னால், "நம்ம மாப்பிள்ளைக்குக் கண்ணுலயே ஒரு விரக்கடை கோணல்" என்று சிரிப்பார். என் மனைவியும் சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். உள்ளே பற்றிக்கொண்டு வரும்.

படி முடிந்த அன்று காலை மண்டியிட்டு ஒவ்வொன்றையும் அளந்தார். எழுந்து, டேப்பைப் பையில் போட்டார்.

"குறை சொல்ல ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. நல்லா பண்ணியிருக்கீங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், என் கண் கலங்கிவிட்டது. ஆனால் எப்படியும் குறைதான் சொல்லப்போகிறார் என்று நினைத்து, தடித்த பலகை ஒன்றை முந்தின வாரமே வாங்கி அறுத்து வைத்திருந்தேன். வாங்கிய பொருளை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

தான் சரி என்று சொன்னதை இரண்டாம் முறை அளக்கும் வழக்கம் மாமாவுக்கு இல்லை. காலையில் இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு செடிகளுக்கு இறங்குவார். அன்று மதியம் அவர் தூங்கும்போது, மேலிருந்து மூன்றாவது பலகையைக் கழற்றிவிட்டு, அதைவிட ஒரு விரற்கடை தடித்ததைப் பொருத்தினேன். அதிலும் வழுக்காத பட்டை ஒட்டினேன். மனைவியிடம், "வார்னிஷ் காயல, ரெண்டு நாள் அந்தப் பக்கம் போகாத" என்றேன்.

"அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

மறுநாள் காலை சமையலறை ஜன்னலில் நின்றிருந்தேன். மூன்றாவது படி அவர் காலுக்குக் கொஞ்சம் சீக்கிரமாக வந்தது, நான்காவது கொஞ்சம் தாமதமாக வந்தது. அவ்வளவுதான். கீழே கான்கிரீட். வெறும் மண்ணாக விட்டிருந்தால் பிழைத்திருப்பார். ஆனால் மரம் உளுத்திருக்கும்.

நேற்று உங்கள் ஆள் வந்து அளந்துவிட்டு, என் மனைவி எதிரிலேயே, "கவனக்குறைவா செஞ்சிருக்கார், பாவம், தெரியாம நடந்துபோச்சு" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் அப்பா டேப்பை எடுக்கும்போதெல்லாம் பார்ப்பாளே, அதே பார்வை. என்னால் தாங்க முடியவில்லை.

அதனால்தான் நானே வந்தேன். கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. 'கவனக்குறைவு' என்பதை மட்டும் அடித்துவிடுங்கள். அந்தப் பலகை நான் நினைத்த அளவுக்கு இம்மியும் பிசகவில்லை. மாமா இருந்திருந்தால் அவரே அளந்து சொல்லியிருப்பார்.