ஆயிரத்துப் பதினேழாம் நம்பர்

மணி பகல் ஒன்றே கால். ராத்திரி இல்லை... பட்டப்பகல். சிரிக்கிறவன் இப்போதே எழுந்து போய்த் தூங்கலாம். பேய் இருட்டினால்தான் வரும் என்று உங்களுக்கு யார் எழுதிக் கொடுத்தது?

தலைமை அலுவலகத்திலிருந்து பம்பு ஹவுஸ் பதினாலு கிலோமீட்டர். கடைசி நாலு கிலோமீட்டரில் வீடு இல்லை, கடை இல்லை, ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை. தார் இளகி டயரில் ஒட்டுகிற சத்தம் மட்டும்... சர்ர்... சர்ர்... அந்த ரோட்டில் பைக்கில் தனியாகப் போய்க்கொண்டிருந்தவன் என் சிநேகிதனின் தங்கச்சி புருஷன். சிநேகிதன் மாப்பிள்ளை என்பான். நானும் அப்படியே சொல்கிறேன். அந்தப் போனை முதலில் அணை.

மாப்பிள்ளைக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். குடிநீர் நிறுவனத்தில் தற்காலிக வேலை. வேலை நிரந்தரமானால்தான் மனைவியைப் பிறந்த வீட்டிலிருந்து அழைத்துவந்து தனிக்குடித்தனம் வைக்க முடியும். அதற்கு அவன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அங்கே யூனிக்ஸ் என்கிற வகைக் கம்ப்யூட்டர்கள் நாற்பது. ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் ஆள் பட்டியலை வைத்துக்கொண்டு தனி ராஜ்ஜியம் நடத்தியது. அத்தனையையும் ஒரே மைய டைரக்டரியோடு, அதாவது எல்லார் பேரும் உள்ள ஒரே பட்டியலோடு இணைக்க வேண்டும். அப்புறம் யார் எந்த மிஷினில் பாஸ்வேர்டு அடித்தாலும், அது டைரக்டரியைக் கேட்கும்... இவர் நம்ம ஆளா? ஆமாம் என்றால் கதவு திறக்கும்.

ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மிஷின்களுக்குப் பேர் சும்மா அலங்காரம். உள்ளே ஆளுக்கு ஒரு நம்பர். கோப்பு யாருடையது என்பதை நம்பரை வைத்துத்தான் மிஷின் சொல்லும்.

மாப்பிள்ளை அவசரத்தில் ஒரு காரியம் செய்தான். தன் பேருக்கு ஒரு நம்பர் வேண்டும். ஊழியர் பட்டியலைப் பார்த்தான். ஆயிரத்துப் பதினேழு காலியாக இருந்தது. போட்டுக்கொண்டான். ஏன் காலி என்று யாரையும் கேட்கவில்லை.

நாற்பதாவதாகப் பம்பு ஹவுஸ் மிஷினையும் இணைத்துவிட்டு, அப்பாடா என்று உட்கார்ந்தான். பத்தாம் நாள் பாதுகாப்பு அதிகாரி கூப்பிட்டார்.

“ஏம்ப்பா, தினமும் மத்தியானம் ஒண்ணு இருபதுக்குப் பம்பு ஹவுஸ்ல உனக்கு என்ன வேலை?”

பம்பு ஹவுஸ் பதிவேட்டைத் திரையில் காட்டினார். நாலு வருஷத்துக் கோப்புகள்... எல்லாம் மாப்பிள்ளையின் பேரில். அவன் வேலைக்குச் சேர்ந்தே மூன்று மாதம்தான்.

“சார், இந்த நம்பர் முன்னாடி வேற யாருக்கோ இருந்திருக்கும். அதான் பழைய கோப்பெல்லாம் என் பேர்ல தெரியுது.”

“பழசு சரி. நேத்து மத்தியானம் எழுதினது?”

நேற்று அந்த நேரத்தில் மாப்பிள்ளை கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அதிகாரிக்கே தெரியும், எதிர் மேஜையில் அவர்தான் இருந்தார்.

“ஊரு குடிக்கிற தண்ணிப்பா இது. யாருக்குப் பாஸ்வேர்டு கொடுத்தே? வெள்ளிக்கிழமைக்குள்ள இது நிக்கணும். இல்லேன்னா நிரந்தரமும் கிடையாது ஒண்ணும் கிடையாது, நேரா போலீஸ்தான்.”

பாஸ்வேர்டை மாற்றினான். மறுநாளும் ஒன்று இருபதுக்கு உள்ளே நுழைந்திருக்கிறது. மறுபடி மாற்றினான். மறுபடியும். கூட வேலை செய்கிறவன்மேல் சந்தேகம். டீ கொண்டுவருகிறவர்மேல் சந்தேகம். ஒரு ராத்திரி மனைவிக்குப் போன் போட்டு, “என் பாஸ்வேர்டை யார்கிட்டயாவது சொன்னியா?” என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான். அந்தப் பெண்ணுக்குப் பாஸ்வேர்டே தெரியாது.

அதனால்தான் வியாழக்கிழமை அந்த ரோட்டில் போனான்.

பம்பு ஹவுஸில் இருந்தது ஓர் ஆபரேட்டர் அம்மா மட்டும். மாப்பிள்ளைக்கு அவர்மேலும் சந்தேகம். “நீங்க மிஷின்கிட்டப் போகாதீங்கக்கா, இங்கேயே இருங்க” என்று கதவோரமாக நிறுத்திக்கொண்டான். இரண்டு பேரும் பத்தடி தள்ளி நின்றார்கள்.

ஒன்று பத்தொன்பது... ஒன்று இருபது.

முதலில் வாசனை வந்தது. தைலம். தலைவலிக்குத் தடவுவோமே, அந்தத் தைலம். அப்புறம் சக்கர நாற்காலி கிறீச் என்றது. நகரவில்லை... ஆனால் யாரோ உட்கார்ந்த மாதிரி ஒரு விரல்கடை இறங்கியது. ஒரு இருமல். திரையில் மாப்பிள்ளையின் பேர், எழுத்து எழுத்தாக வந்தது. அடுத்து பாஸ்வேர்டு. அது திரையில் தெரியாது. சத்தத்தை எண்ணினான். டக்... டக்... டக்... பதினோரு தட்டு.

அவன் பாஸ்வேர்டு எட்டே எட்டு எழுத்து.

ஆனாலும் டைரக்டரி ஆமாம் என்றது. கதவு திறந்தது. பதிவேட்டில் ஒரு வரி விழுந்தது... ‘பம்பு மூணு. அழுத்தம் சரி.’

ஆபரேட்டர் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். “ஐயோ... பம்பு மூணைக் கழட்டி ரெண்டு வருஷம் ஆச்சே தம்பி!”

“யாருக்கா இப்படி எழுதுறது?”

“மப்ளர் அண்ணன். எந்த வெயில்லயும் கழுத்துல மப்ளர் சுத்தியிருப்பாரு, அதான் அந்தப் பேரு. சாப்பிட்டுட்டு வந்து மூணாவது பம்பைப் பாத்துட்டு, ஒண்ணு இருபதுக்கு உக்காந்து எழுதுவாரு. பம்பைக் கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு நாள், அது பக்கத்துலயே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்து செத்துட்டாரு... அன்னிக்கு எழுத வரவே இல்ல.”

மாப்பிள்ளை எப்படித் திரும்பி வந்தான் என்று அவனுக்கே தெரியாது. வந்ததும் முதல் வேலையாகத் தனக்குப் புது நம்பர் போட்டுக்கொண்டான், புதுப் பேரோடு. ஆயிரத்துப் பதினேழைப் பூட்டினான். வெள்ளிக்கிழமை ஒன்று இருபதுக்குத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பம்பு ஹவுஸிலிருந்து கேள்வி வந்தது. டைரக்டரி மறுத்தது. மறுபடி வந்தது. மறுத்தது. மூன்றாம் தடவையும் மறுத்தது. அதற்கப்புறம் சத்தமே இல்லை.

என்ன, ஹேக்கர் என்கிறாயா? சரி, அப்படியே வைத்துக்கொள். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்.

ஆர்டர் வந்தது. வேலை நிரந்தரம். தனி வீடு பார்த்து மனைவியை அழைத்துவந்தான். நல்ல வெளிச்சமான வீடு. முதல் ஞாயிற்றுக்கிழமை என் சிநேகிதன் விருந்துக்குப் போனான். மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை ஏதோ ஜோக் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டான்.

சிநேகிதன் தற்செயலாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

மாப்பிள்ளை கையைக் கழுவிவிட்டு வந்து, தட்டை ஓரமாகத் தள்ளினான். மேஜைமேல் விரல்களை வைத்தான். டக்... டக்... டக்... சிநேகிதனுக்கு இந்தக் கதை முழுக்கத் தெரியும், மாப்பிள்ளையே சொல்லியிருக்கிறான். அதனால் எண்ணினான். எண்ணாமல் இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் சொல்லுவான். பதினொன்று.

“மாப்பிள்ளை...?”

விரல்கள் காத்திருந்தன. மறுபடி பதினொன்று. மறுபடி பதினொன்று. வீட்டில் தைலமே கிடையாது... ஆனால் வாசனை வந்தது.

தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டே மெதுவாகச் சொன்னாள். “தினமும் இதே நேரத்துக்குத்தான் அண்ணா. முடிஞ்சதும் அவருக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. நீ கேக்காதே.”

மாப்பிள்ளை ஒரு தடவை இருமினான். அப்புறம் அந்த வேகாத வெயிலில், வெற்றுக் கழுத்தில் கையை வைத்து, இல்லாத எதையோ இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கிவிட்டுக்கொண்டான்.