கயிறு கட்டியிருந்தவர்கள்

சுனாமிக்கு அடுத்த வருடம். முதுநகரில் வேலை எதுவும் கிடைக்காமல் சிதம்பரம் போகும் பேருந்தில் ஏறினேன். எனக்கு முன் இருக்கையில் காலி மீன்கூடைகளோடு இரண்டு பெண்கள். மூத்தவள் இளையவளுக்கு நாத்தனார் என்பது பேச்சில் தெரிந்தது.

"அலைக்கப்புறம் நாளைக்குத்தான் உங்க தம்பி மொதமொதலா கடலுக்குப் போறாரு அண்ணி. லைஃப் ஜாக்கெட்டு போட்டுக்கச் சொன்னா மாட்டேங்குறாரு. கையில கோயில் கயிறு இருக்கு, அது போதுமாம்."

"எந்தம்பி சொல்றது சரிதான். அலையில பொழச்சவங்க அத்தினி பேரையும் கேட்டுட்டேன். எல்லாரு கையிலயும் அந்தக் கயிறு இருந்திருக்கு."

"செத்தவங்களக் கேட்டீங்களா?"

"கிறுக்கா உனக்கு? செத்தவங்கள எங்கடி போய்க் கேக்குறது?"

"அதான் அண்ணி. கட்டிக்கிட்டுப் பொழச்சவங்க வந்து சொல்றாங்க. கட்டிக்கிட்டுச் செத்தவங்க வந்து சொல்லுவாங்களா? எங்கண்ணன் பொணத்த நான்தான் அடையாளம் காட்டுனேன். மூஞ்சி தெரியல. கையில நான் கட்டிவுட்ட கயித்து முடிச்ச வச்சுத்தான் கண்டுபுடிச்சேன்."

ஐந்தாவதோடு படிப்பை விட்டவன் நான். எத்தனையோ ஊர்களில் பிழைத்தவர்களின் கதையைக் கேட்டிருக்கிறேன். வந்து சொல்ல முடியாமல் போனவர்களை ஒருமுறைகூட எண்ணிப் பார்த்ததில்லை.

புதுச்சத்திரத்தில் இறங்க மூத்தவள் கூடையை எடுத்தாள்.

"அந்த ஜாக்கெட்டு எங்கடி இருக்கு?"

"பரண் மேல."

"எறக்கி வை. விடியறதுக்குள்ள வந்து நானே மாட்டிவுடுறேன்."

"அப்ப கயிறு?"

"அதுவும் கையிலயே கெடக்கட்டும்டி."