நாற்பத்தோரு நாள்

பூங்குழலி: ...அப்புறம்? லீவு முடிஞ்ச தேதி சொல்லுப்பா. தேதி இல்லாம மனு எழுத முடியாது.

பூவரசன்: நவம்பர் ரெண்டு. எம்பத்தேழு. எத்தினி தபா சொல்றது?

பூங்குழலி: என்கிட்ட நூறு தபா சொல்லிருக்க. பட்டாளத்து ரெக்கார்ட் ஆபீஸ்காரனுக்கு இதான் மொதோ தபா.

முத்துமாரி: ஆம்பூர்லேர்ந்து ஞாயித்துக்கெழம ஒரு நாளு வர்ற. வந்ததும் கம்ப்யூட்டர தொறந்துகினு ஒக்காந்துட்ட. கொழம்பு ஆறிப் போவுது. அப்பாவும் பொண்ணும் எழுந்து வாங்க.

பூங்குழலி: இரும்மா. வெள்ளிக்கெழமக்குள்ள மனு போட்டதுக்கு ஒரு ரசீதாவது காட்டணும். அப்பதான் சுபேதார் மாமா கல்லுல அப்பா பேருக்கு எடம் வுடுவாரு.

பூவரசன்: கல்லுதானே... வுடேன். பஸ் ஸ்டாண்டு வெயில்ல காயப்போற கல்லு.

பூங்குழலி: ஊர்லேர்ந்து பட்டாளத்துக்குப் போன அத்தினி பேரு பேரும் வெட்டறாங்க. தாத்தா பேரு இருக்குது. சித்தப்பா பேரு இருக்குது. உன் பேரு மட்டும் இல்ல. ஆறு வருசம் அங்க இன்னா மாடு மேச்சினு இருந்தியா?

பூவரசன்: மாடு மேச்சிருந்தா பாலாவது கெடச்சிருக்கும்.

முத்துமாரி: நக்கலப் பாரு இந்த வயசுல.

பூங்குழலி: நீ சிரிப்பப்பா. போன வாரம் அந்தப் பேரு லிஸ்ட்ட வாங்கி மூணு தபா படிச்சிட்டு மடிச்சி வெச்சியே, அத நான் பாத்தேன்.

பூவரசன்: ...கண்ணாடி மாத்தணும். எழுத்து சரியா தெரியல.

பூங்குழலி: தெரியலன்னா நான் படிக்கிறேன், கேளு. உன் டிஸ்சார்ஜ் புக்கு. "இவர் சேவை இனித் தேவையில்லை." நடத்தை, "சுமார்". எங்க பேக்டரில ஒரு ஷூ ரிஜெக்ட் ஆனாகூட தையல் பிரிஞ்சிது, சோல் ஒட்டலன்னு காரணம் எழுதி சீட்டு கட்டுவோம்.

பூவரசன்: காரணமும் போட்டிருக்கானே. அடுத்த பக்கம் பாரு. செவப்பு மையில. "லீவு முடிந்தும் நாற்பத்தோரு நாள் வரவில்லை."

பூங்குழலி: அதான் தப்புன்றேன். எங்கப்பா தானா வராம இருக்கல, காச்சல்ல படுத்திருந்தாரு. தந்தியும் குடுத்தாரு. அந்தத் தந்திய யூனிட்ல எவனோ ஒருத்தன் எடுத்து எழுதாம வுட்டுட்டான். அந்த செவப்பு எழுத்த எடுங்கன்னு கேக்கறோம். சரி, காச்சலுக்கு டாக்டர் சீட்டு?

பூவரசன்: கம்பவுண்டர்தான் ஊசி போட்டாரு. அவரு போய்ச் சேந்து இருவது வருசமாவுது.

பூங்குழலி: தந்தி ரசீது?

பூவரசன்: ...அது ஏது இப்ப.

முத்துமாரி: கரையான் அரிச்சிருக்கும். அப்ப கூரை வூடு.

பூங்குழலி: அப்போ சாட்சிதான். தந்திய எழுதினது அப்பா. கணியம்பாடி போஸ்டாபீசுக்கு எடுத்துனு போய் குடுத்தது...

முத்துமாரி: அப்பளம் பொரிக்கட்டா உனுக்கு?

பூங்குழலி: அம்மா. நீதான் சாட்சி. நாளைக்கி நான் லீவு சொல்லிட்டேன். காலைல சத்துவாச்சாரி போறோம். நோட்டரி முன்னாடி ஒரு கையெழுத்து போடற. அவ்ளோதான்.

முத்துமாரி: எனக்கு இன்னா ஞாபகம் இருக்குது... முட்டி வலி வேற. பஸ் ஏற முடியாது.

பூங்குழலி: ஆட்டோ சொல்லியாச்சு. ஞாபகமா? என் மாமியா கல்யாணப் பந்தியில உன்ன சொன்ன ஒத்த வார்த்தைய நாள் கெழமையோட சொல்றியே, அந்த ஞாபகம் எங்க போச்சு?

பூவரசன்: அவள வுடும்மா. ஞாபகம் வராதுன்னா வராது.

பூங்குழலி: நீ சும்மா இருப்பா. எழுதி வெச்சிட்டேன், கேளும்மா. "முத்துமாரி ஆகிய நான், 1987 அக்டோபர் 31ஆம் தேதி, என் கணவர் எழுதிக் கொடுத்த தந்தியைத் தபால் நிலையத்தில் நேரில் கொடுத்தேன் என்று உளமார உறுதி கூறுகிறேன்."

முத்துமாரி: உளமாரன்னா?

பூங்குழலி: மனசறிஞ்சுன்னு அர்த்தம்.

முத்துமாரி: ...அந்த வரிய எடுத்துடு.

பூங்குழலி: உளமார வேணாமா? சரி, எடுத்துட்டேன்.

முத்துமாரி: மொத்தத்தையும் எடு.

பூங்குழலி: அதான்மா மனுவே! அத எடுத்தா இன்னா இருக்குது இதுல?

முத்துமாரி: போனேன். போஸ்டாபீசு வரிக்கும் போனேன். ஜன்னலாண்ட நின்னேன். முன்னாடி ரெண்டு பேரு இருந்தாங்க. அவங்க போனதும், உள்ள இருந்தவரு "இன்னாம்மா வேணும்"னு கேட்டாரு.

பூங்குழலி: ம்.

முத்துமாரி: ஒரு கார்டு குடுங்கன்னு வாங்கினு வந்துட்டேன்.

பூங்குழலி: தந்தி?

முத்துமாரி: அடுப்புல போட்டுட்டேன்.

பூங்குழலி: ...இன்னாம்மா சொல்ற?

முத்துமாரி: அதுக்கு மொத வாரந்தான் கெங்கம்மா புருசன் பொட்டியில வந்தான். யாழ்ப்பாணத்து சண்டைலேர்ந்து. ஆணி அடிச்ச பொட்டி. தொறந்து காட்டலடி. அவ பொட்டிய புடிச்சினு, உள்ள இருக்கிறது யாருன்னு கேட்டுனே இருந்தா. நீ எனக்கு ஏழு மாசம். தந்தி குடுத்தா பதினஞ்சு நாளு லீவு ஜாஸ்தி குடுப்பாங்க. அப்புறம் போய்த்தானே ஆவணும்? குடுக்கலன்னா பேர அடிச்சிடுவாங்க, வூட்டோட இருப்பாருன்னு நெனச்சேன். போலீசு வந்து கூட்டினு போவும்னு எனக்கு இன்னா தெரியும்? பத்தொம்பது வயசு எனக்கு.

பூங்குழலி: முப்பத்தெட்டு வருசம்மா! மத்தவங்கல்லாம் பட்டாளத்துலேர்ந்து வந்து பேங்க்ல, காலேஜ்ல செக்யூரிட்டியா போனாங்க. அப்பா ஆம்பூர்ல தோல் பதனிடற ஷாப்புல ஈரத்தோல் தூக்கினாரு. கொடியேத்தற அன்னிக்கி எல்லாரும் மெடல் குத்தினு போவாங்க, அப்பா கழனிக்குப் போறேன்னு போய்டுவாரு. எல்லாம் பாத்துனுதானே இருந்த?

முத்துமாரி: பாத்தேன். ஒவ்வொரு வருசமும் சொல்லிடலாம்னு நெனப்பேன். சொன்னா மூஞ்சிய எப்டி பாக்கறதுன்னு வுட்டுடுவேன்.

பூங்குழலி: அப்பா, எதுனா பேசேன். திட்டவாவது திட்டு.

பூவரசன்: ...சோறு போடு, மாரி.

முத்துமாரி: இல்ல, இன்னிக்கி முடிச்சிடலாம். குழலி, எழுது. தந்திய எரிச்சவ நான்தான்னு எழுது. எவன் முன்னாடி வேணும்னாலும் வந்து சத்தியம் பண்றேன். அவருக்கு இதுல சம்பந்தமே இல்ல.

பூங்குழலி: ...அப்படி எழுதினா இன்னும் நல்லாதான் நிக்கும். அவரு முறையா சொல்லி அனுப்பிருக்காரு, போய்ச் சேராதது அவரு தப்பில்லன்னு ஆயிடும்.

முத்துமாரி: அப்ப எழுதுன்றேன் இல்ல! ஊரு என்ன காறித் துப்புனா துப்பட்டும். கல்லுல அவரு பேரு வரட்டும்.

பூங்குழலி: "என் கணவருக்குத் தெரியாமல்..."

பூவரசன்: எழுதாத.

பூங்குழலி: அம்மாவே சொல்றாங்கப்பா.

பூவரசன்: எழுதாதன்றேன். மூடு அத.

பூங்குழலி: அம்மாவ காப்பாத்துறேன்னு உன் பேர கெடுத்துக்காத. போதும்.

பூவரசன்: நான் யாரையும் காப்பாத்தல. கெங்கம்மா வூட்டு வரிக்கும் அந்தப் பொட்டிய தூக்கினு வந்த நாலு பேர்ல நானும் ஒருத்தன். வெயிட்டே இல்லம்மா. ஆறடி ஆளு அவன். தோள்ல ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துச்சு. அன்னிக்கி ராத்திரிதான் எனக்கு காச்சல் வந்துச்சு.

முத்துமாரி: இன்னாத்துக்கு அதெல்லாம் இப்ப... உடம்பு நடுங்கினு கெடந்தீங்க. எழுந்து போக முடியாமத்தானே தந்திய என்கிட்ட குடுத்தீங்க?

பூவரசன்: காச்சல் வுட்டு ரெண்டு நாளாயிருந்துச்சு, மாரி. நீ கெளம்பறதுக்கு முன்ன தபால்காரரு நிசார் அஹமது நம்ம வாசல்ல சைக்கிள நிறுத்துனாரு. "பட்டாளத்துக்கு எதுனா சொல்லணும்னா குடு பூவரசா, கையோட தந்தி அடிச்சிடறேன்"னாரு. ஒண்ணியும் இல்ல பாய்னு அனுப்பிட்டேன். அப்புறம் ஒக்காந்து தந்திய எழுதினேன். நீ குடுக்க மாட்டேன்னு தெரிஞ்சுதான் உன் கைல குடுத்தேன்.