இரண்டாம் குரல்

ராத்திரி பத்தேகால்.

திருநீர்மலை ஏரிக்கரைச் சாலையில் ஒரே ஒரு ஸ்கூட்டர் வந்துகொண்டிருந்தது. தொண்ணூற்று மூன்றாம் வருஷம், ஐப்பசி. மழை அப்போதுதான் விட்டிருந்தது. விளக்குக் கம்பம் கிடையாது. காற்றில் பம்மல் பக்கத்துத் தோல் ஷெட்டுகளின் நாற்றம்...

கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். இது நம் சிநேகிதன் எலியேசரின் மாமா தனசிங்குக்கு நடந்தது. வண்டியை ஓட்டியவர் அவர். பின்னால் அசரியா, தனசிங்கின் தங்கை சாராளின் புருஷன். இருவரும் சேர்ந்து 'லெவல் கிராஸிங்' என்று ஒரு பேண்டு வைத்திருந்தார்கள். தனசிங் கிட்டார், அசரியா பாட்டு. ராக்தான். கிட்டார் கத்தும், டிரம்ஸ் இடிக்கும். ஆனால் உள்ளே ஒரு மெட்டு ஓடும். கேட்டவன் வாயில் ஒட்டிக்கொள்ளும். டிரம்மர் சம்பத் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். அங்கே மிஷின் ஓடாத நாளாகப் பார்த்துப் பார்த்துப் புது ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். அன்றைக்கு எல்லாம் முடிந்துவிட்டது. ஒரிஜினல் டேப், நனையாமல், தனசிங்கின் சட்டைக்குள்.

மதகுக்குப் பக்கத்தில் வண்டி இருமி நின்றது. பெட்ரோலை ரிசர்வுக்குத் திருப்பத் தனசிங் குனிந்தார். அசரியா சும்மா நிற்கிற ஆளா? கடைசிப் பாட்டின் பல்லவியை எடுத்துவிட்டார். பெரிய குரல். தண்ணீர் மேல் போய்த் திரும்பி வருகிற குரல்.

இரண்டாவது வரியில்... இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது.

எதிரொலி இல்லை. எதிரொலி பாடினதையே திருப்பிப் பாடும். இது இரண்டு ஸ்வரம் மேலே, சர்ச்சில் மெட்டுக்குத் துணையாக இரண்டாம் குரல் பிடிக்கிறவர்கள் மாதிரி. மெலிசாக, சுத்தமாக. பெண்ணா பையனா, சொல்ல முடியவில்லை. அசரியா நிறுத்தினார். அதுவும் நின்றது. ஏரியில் ஒரு தவளைகூடக் கத்தவில்லை.

வேறு யாராக இருந்தாலும் வண்டியில் ஏறியிருப்பார்கள். அசரியா சபையில் பாடகர் குழுவை நடத்துகிறவர். நல்ல குரல் ஒன்று காதில் விழுந்தால் பால்காரரைக்கூட விடமாட்டார், இழுத்து வந்து வரிசையில் நிறுத்திவிடுவார். இருட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"செகண்ட்ஸ் சூப்பரா பாடுறீங்க. எங்க ஆல்பத்துல வந்து பாடுங்களேன்."

"மாப்ளே, வாய மூடிக்கினு ஏறுடா," என்றார் தனசிங்.

தனசிங்குக்கு மேற்குத் தாம்பரத்தில் கேசட் கடை. இரண்டு டெக். ஒன்றில் ஓடும், மற்றதில் பதியும். மறுநாள் ஒரிஜினலைப் போட்டுக் கேட்டார். அசரியா குரல் மட்டும். அதிலிருந்து முதல் காப்பி எடுத்தார். அதைப் போட்டார்.

பல்லவியில் அந்தக் குரல் இருந்தது. தூரத்தில்... பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி.

"கூப்ட்டேன், வந்துட்டாங்க பாத்தியா," என்றார் அசரியா.

சம்பத்துக்கு ஒரே குஷி. "இன்னாபா இது! நீ தனியா கத்துனதுக்கு இது எவ்ளோ ஷோக்கா கீது!"

மூன்று பேருக்கும் பிடித்துத்தான் இருந்தது. காப்பி போட்டார்கள். காலேஜ் ஹாஸ்டல்களுக்குக் கொடுத்தார்கள். கேசட் பறந்தது.

காப்பியிலிருந்து காப்பி எடுத்தால் பாட்டு மங்கும், இரைச்சல் ஏறும். கேசட் கடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்தது இது. இந்தக் கேசட்டில் அசரியா மட்டும் மங்கினார். அந்த இன்னொரு குரல் தெளிந்துகொண்டே வந்தது.

கிறிஸ்துமஸ் ஒத்திகையில் அவருக்கு மேல் ஸ்வரம் எட்டவில்லை. சளி என்றார்கள். பொங்கல் முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது, கடைசி பெஞ்சுக்கு அவர் பேசுவது கேட்கவில்லை. கணக்கு வாத்தியார் வேலை. குரல் இல்லாமல் எப்படி? டாக்டர் தொண்டைக்குள் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை என்றார். சாராள் மிளகுப் பால் காய்ச்சிக் கொடுத்துப் பார்த்தாயிற்று.

"வெறும் காத்துதாண்ணா வருது," என்று அண்ணனிடம் வந்து அழுகை. "புள்ள தூங்குறதுக்கு ஒரு பாட்டு கேக்குது. இவரு வாயத் தொறந்துகிட்டு உக்காந்திருக்காரு."

ஒரு சாயங்காலம். கடையில் எதிர் ஸ்டூலில் அசரியா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். தனசிங் அந்தக் கேசட்டுக்கு ஒரு காப்பி எடுக்கப் பதிவுப் பட்டனை அழுத்தினார். வார்த்தை பாதியில் அறுந்தது. உதடு அசைந்தது... சத்தம் இல்லை. டெக்கை நிறுத்தினார். குரல் திரும்பி வந்தது. ஆனால் முன்பு இருந்த அளவு வரவில்லை.

இரண்டு பேரும் டெக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சூடான டேப்பின் வாசனை.

அன்றைக்கே ஒரிஜினலை அடுப்பில் போட்டார் தனசிங். கடையில் மிச்சமிருந்த காப்பிகளையும் போட்டார். பிறகு ஹாஸ்டல் ஹாஸ்டலாக அலைந்தார், கொடுத்ததைத் திருப்பிக் கேட்டு. பையன்கள் சிரித்தார்கள்.

"எது சார், அந்தப் பொண்ணு பாடுற கேசட்டா?"

"பொண்ணு இல்லப்பா. ஒருத்தர் பாடுவாரே, பெரிய குரல்ல..."

"ஆம்பள வாய்ஸே அதுல கெடையாதே சார். எங்க மாமா கூட வேளச்சேரிக்கு ஒண்ணு எடுத்துனு போனாரு. அங்க எத்தினி காப்பி போட்டாங்களோ!"

வீட்டுக்கு வீடு டபுள் டெக் வந்துவிட்ட காலம். எத்தனை பேர் கதவைத் தட்டுவது?

அதற்கப்புறம் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. சாப்பிடும்போது, பிள்ளைக்குச் சட்டை மாட்டும்போது, அசரியாவின் கை திடீரென்று தொண்டைக்குப் போகும். எங்கோ யாரோ பட்டனை அழுத்துகிறார்கள். கேளம்பாக்கமோ, நாவலூரோ. கண்ணை மூடிக்கொள்வார். கேசட்டின் ஒரு பக்கம் ஓடி முடிகிற நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பார். சாராள் முதுகைத் தடவிக்கொடுத்தபடி பக்கத்தில். வேறென்ன செய்ய?

மாசியில் ஓர் இரவு. கரண்ட் போய்விட்டது. கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு, மெழுகுவத்தியை ஏற்றி வைத்துக்கொண்டு தனசிங்கும் அசரியாவும் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டதற்கு அசரியா தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாமென்று. அன்று காலையிலிருந்து அவரிடம் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

ஸ்டேஷனில் கடைசி ரயிலின் ஹார்ன். அது தேய்ந்து அடங்கியது.

அப்போது... தண்டவாளத்துப் பக்கமிருந்து யாரோ பாடிக்கொண்டே வருவது கேட்டது.

பெரிய குரல். மேல் ஸ்வரம் பிசிறில்லாமல் நின்றது. தனசிங்குக்கு அது யார் குரல் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. வருஷக்கணக்காகப் பக்கத்தில் நின்று கிட்டார் வாசித்த குரல்.

மெழுகுவத்திக்கு அந்தப் பக்கம் அசரியா. வாய் மூடியிருந்தது. கண் தனசிங் மேலேயே இருந்தது. இமைக்கவில்லை.

பாட்டு நெருங்கி வந்து ஷட்டருக்கு வெளியே நின்றது. தகரத்தில் விரலால் தட்டும் சத்தம். மெதுவாக.

"மச்சான்... கதவத் தொற. உள்ள யார்கூட உக்காந்திருக்க?"